பத்து மீட்டருக்குக் கீழே யார் காவல்?

2021 நவம்பர் நடுவில் தென்பெண்ணையில் அரசாங்கமே வெடிவைத்து ஓர் அணையைத் தகர்த்தது. விழுப்புரம் மாவட்டத் தளவானூருக்கும் எதிர்க்கரையில் கடலூர் மாவட்ட எனதிரிமங்கலத்துக்கும் நடுவே 25 கோடியே 37 லட்சம் ரூபாயில் எழுந்த தடுப்பணை அது. 2020இல்தான் வேலை முடிந்தது. 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கத்து மதகும் சுவரும் சரிந்தன. பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், விசாரணை என்றார்கள், சீரமைப்பு என்றார்கள். அடுத்த மழைக்கு மறுகரையும் போயிற்று. வெள்ளம் கரையோர நிலத்தை அரிக்கத் தொடங்கியதும், ஆற்றை நடுவில் ஓடவிட வேறு வழியில்லாமல், நின்றிருந்த காங்கிரீட்டில் வெடிமருந்து வைத்தார்கள்.

இடையில் ஆட்சி மாறியிருந்ததால், கட்டியவர்களும் உடைத்தவர்களும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. சிமென்ட் எவ்வளவு, கம்பி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பதுதான் டீக்கடை வரை பேச்சு. அதை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறையும் போனது அணையின் நடுப்பகுதி இல்லை, அதன் தோள். காங்கிரீட்டும் மண்கரையும் கைகோக்கிற இடம். பக்கத்தில் மண் இருக்கும்போது தண்ணீர் எதற்குக் காங்கிரீட்டோடு மல்லுக்கட்டப் போகிறது? சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துபோன ஆறு என்றால் அணைக்குக் கீழே விழுகிற நீர் இன்னும் ஆழமாகக் குழி பறிக்கும். அந்தக் குழி அணையின் காலை நோக்கி நகரும். இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் சுவரோரம் ஒரு கை அகலத்துக்கு மண் உள்வாங்கும், அடுத்த தண்ணீருக்கு அது ஓர் ஆள் நுழையும் பொந்தாகும். இடைப்பட்ட நாட்களில் அந்த வழியாக ஒருவர் நடந்துபோய்ப் பார்த்திருந்தால் பத்து லோடு கல்லோடு வேலை முடிந்திருக்கும்.

அதே மாத வெள்ளத்தில், அதே ஆற்றில், 1950ஐ ஒட்டிக் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் பெயர்ந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டு உழைத்த அணையும் இரண்டு மழையைத் தாண்டாத அணையும் ஒரே பருவத்தில் விழுந்தன என்றால், பழையதெல்லாம் உறுதி, புதியதெல்லாம் ஊழல் என்ற வழக்கமான புலம்பல் பாதிதான் பொருந்தும். எல்லீஸ் சத்திரத்தில் பிறகு 86 கோடி ரூபாய் அளவில் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது.

தளவானூருக்கும் எல்லீஸ் சத்திரத்துக்கும் பெயர் இருக்கிறது, மதிப்பீடு இருக்கிறது, கோப்பு இருக்கிறது, உடைந்தால் காட்ட கேமரா வருகிறது. என் கவலை இவை எதுவும் இல்லாதவற்றைப் பற்றியது.

குயிலாப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். அது வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு நடக்கும் மஞ்சுவிரட்டாலும், ஆரோவில்லுக்குப் போகிற வழியில் வரிசை கட்டிய கடைகளாலும் வெளியூரில் அறியப்பட்ட ஊர். மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் சிறிது தூரத்தில் கடல். வடக்கிலும் மேற்கிலும் நிலம் மெல்லச் சரிந்து, ஏரி ஏரியாகத் தாண்டி, கழுவெளியில் போய்ச் சேர்கிறது. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பேரியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கழுவெளி நிரம்பினால் உப்புக்கழி வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்துக்கு நீர் போகும். அதன் ஓரத்தில்தான் மரக்காணத்து உப்பளங்கள், மூவாயிரம் ஏக்கருக்கு மேல்.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு கிட்டத்தட்டப் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் ஓடையோடு இறங்கி, பொம்மையார்பாளையம் பக்கம் கடலே செக்கச்செவேல் என்றாகும். மேட்டைப் பிளந்துகொண்டு ஓடைகள் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் ஆழமாயின. பிறகு வரப்பு மடித்தார்கள், மரம் வைத்தார்கள், ஓடைக்குக் குறுக்கே மண்ணாலும் கல்லாலும் அணை போட்டார்கள். சுற்றுக் கிராமத்துக்காரர்கள்தான் கூலிக்கு மண் சுமந்தவர்கள். முந்திரியும் சவுக்கும் மல்லாட்டையும் விளைகிற இந்த மண்ணில், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவருகிற இந்தக் காலத்தில், ஓடும் நீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவதைக் காட்டிலும் பயனுள்ள வேலை இல்லை. தடுப்பணைகளுக்கு எதிராக எழுதுகிற கட்டுரை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நிறுத்திய நீர் என்பது நிறுத்தியவர் தலையில் ஏறிய பொறுப்பு. ஓடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து அணைகள் இருக்கும்போது, மேலே உள்ளது பிடுங்கிக்கொண்டால் அதன் தண்ணீர் மொத்தமாக அடுத்ததன் மேல் விழும். கீழே கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலக்குழாய்கள், அதற்கும் கீழே மீனவர் குடியிருப்புகள். ஏரித் தொடரிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. கழுவெளிப் படுகையில் சிறிதும் பெரிதுமாக இருநூறு ஏரிகள் அளவில் இருக்கின்றன. ஒன்றின் கலங்கல் வழிந்தால்தான் அடுத்ததற்கு வரத்து. ஓர் ஏரி உடைந்தாலோ, அதன் கீழே இருப்பது தன் மழையோடு மேல் ஏரியின் கொள்ளளவையும் ஒரே இரவில் ஏற்க வேண்டும். அதற்காக எந்தக் கலங்கலும் கட்டப்படவில்லை.

தளவானூரில் வெடிவைத்த அடுத்த மாதம், 2021 டிசம்பரில், நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, தேசிய ஆணையம், மாநில அமைப்பு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் அதில் உண்டு. எந்த அணைக்கு? 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், நீளம் 500 மீட்டராவது இருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் இருக்க வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். சாத்தனூர் அணை இதற்குள் வரும். வராக நதி என்கிற சங்கராபரணியில் 1959இல் முடிந்த வீடூர் அணை, 32 அடியில் 605 மில்லியன் கன அடி பிடித்துத் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம் தருவது, அதுவும் பெரிய அணைகளின் பட்டியலில் இருக்கிறது. வீடூரில் தண்ணீர் ஏறினால் அளவு பத்திரிகையில் வருகிறது, திறக்கும் முன் ஆற்றோர ஊர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

பத்து மீட்டருக்குக் கீழே சட்டம் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரி குளங்கள். அவற்றில் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை 14,138. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பழைய பாகப்பிரிவினை. இவற்றில் பெரும்பாலானவற்றின் கரை இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம். ஆக ஒரு சட்டம் உயரத்தைப் பார்க்கிறது, ஒரு நிர்வாக விதி ஆயக்கட்டைப் பார்க்கிறது. கரைக்குக் கீழே எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டு ஓர் ஏரியை உள்ளே சேர்க்கவோ வெளியே விடவோ செய்கிற விதி இரண்டிலும் இல்லை.

பிரிட்டனில் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1925இல் வேல்ஸின் டோல்கரோக் கிராமத்துக்கு மேலே இருந்த அணை உடைந்து 16 பேர் இறந்தார்கள். ஐந்தே ஆண்டில், 1930இல், நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அந்தச் சட்டம் உயரத்தை வைத்துத் தொடங்கவில்லை, தேங்கும் நீரின் அளவை வைத்துத் தொடங்கியது: தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர். வேல்ஸில் இப்போது அது 10,000. நம் ஊரில் நீர்ப்பரப்பு நூறு ஏக்கரும் சராசரி ஆழம் ஒரு மீட்டரும் உள்ள ஒரு சாதாரண ஏரியில் 4 லட்சம் கன மீட்டர் நிற்கும். பிரிட்டிஷ் வரம்பைப் போலப் பதினாறு மடங்கு. அங்கே இருந்திருந்தால் அதற்கென்று ஒரு தகுதிபெற்ற பொறியாளரை நியமித்திருக்க வேண்டும். இங்கே அதற்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தால் அதிர்ஷ்டம்.

மண்கரை எப்படிச் சாகிறது என்பதைப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். நீர் கரைமேல் ஏறி வழிவது ஒன்று. கலங்கல் போதாமல், அல்லது ‘இன்னும் ஓர் அடி தேங்கட்டும்’ என்று கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கியதால், நீர் கரையின் முதுகில் ஏறிவிட்டால் அரைமணி நேரம் போதும். மற்றது உள்ளிருந்து. கசியாத மண்கரை உலகத்தில் கிடையாது. கசிவு தெளிந்த நீராக வரும் வரை கவலை இல்லை. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது தொடங்குகிற இடம் மதகுக் குழாயும் மண்ணும் ஒட்டுகிற வெளிப்பக்கம். நண்டு வளை, பெருச்சாளிப் பொந்து, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம் ஆகியவை பிற வாசல்கள். பனை கரையைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் அந்தக் காலத்தில் வரிசையாக வைத்தார்கள். தானாக முளைத்துப் புதராகிற சீமைக் கருவேலம் பிடிப்பதும் இல்லை, கரையில் நடப்பவரின் கண்ணுக்குக் கசிவைக் காட்டுவதும் இல்லை. இரண்டாவதுதான் பெரிய கெடுதல்.

நண்டு என்றதும் மகாராஷ்டிரத்தின் திவரே நினைவுக்கு வருகிறது. ரத்னகிரி மாவட்டம், சிப்ளூண் வட்டம், ஒரு சிறு பாசன அணை. 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு உடைந்தது. கீழே இருந்த குடியிருப்பில் இருபது உயிர்கள் அளவில் போயின. அணையை நண்டுகள் துளைத்துவிட்டன என்றார் மாநிலத்தின் நீர்ப் பாதுகாப்பு அமைச்சர். எதிர்க்கட்சிக்காரர்கள் கூடையில் நண்டுகளைக் கொண்டுபோய், குற்றவாளிகளைக் கைது செய்யுங்கள் என்று காவல்நிலையத்தில் கொடுத்தார்கள். நாடு சிரித்தது. எனக்கு அமைச்சர் சொன்னது முழுப் பொய்யாகப் படவில்லை. நண்டு கரையைத் துளைக்கும், எல்லாக் காலத்திலும் துளைத்திருக்கிறது. கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பதுதான் அங்கே முக்கியமான தகவல். பார்த்தவர்கள் இருந்தார்கள், சொன்னார்கள். கேட்டு உடனே வந்து நிற்க வேண்டிய ஓர் ஆள் இல்லை.

இலங்கையின் கந்தளாய்க் குளத்தை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தில், ஏழாம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படும் பெருங்குளம். 1986 ஏப்ரல் 20 விடியுமுன் அதன் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வானூர், திண்டிவனம், மரக்காணம் பக்கம் ஏரிக்கரைகளில் இப்போது என்ன ஓடுகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். சவுடு மண் எடுக்க ஏரிக்குள் டிப்பர் லாரி இறங்க வேண்டும், அதற்குக் கரையைச் சரிவாக வெட்டுகிறார்கள். எடுத்து முடித்ததும் வெட்டிய இடத்தில் தளர்ந்த மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த உடைப்பு எங்கே என்று அறிய பொறியியல் பட்டம் தேவையில்லை.

மழையைப் பற்றி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. நம் ஏரிகளின் கலங்கல்கள் எந்த மழைக்காகக் கட்டப்பட்டவை? சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் என்பவரின் பெயரால் 1884 முதல் புழங்கிவரும் ஒரு சூத்திரம் உண்டு. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் வந்துவிடும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்தக் கெழு 6.8. உள்நாட்டுக்கு 8.5, மலையோரத்துக்கு 10.2. அதாவது மூன்றிலும் குறைந்த எண் நம் கடலோரத்துக்குத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஓர் ஏரிக்கு இந்தச் சூத்திரம் வினாடிக்குச் சுமார் 32 கன மீட்டர் உச்ச வெள்ளம் தருகிறது. மயிலத்து மழை அந்தப் பரப்பில் விழுந்தால் ஒரு நாளில் 51 லட்சம் கன மீட்டர். பாதி மண்ணில் இறங்கி, மீதி பாதி மட்டும் இருபத்துநான்கு மணி நேரமும் சீராக ஓடிவந்தால்கூட, வினாடிக்குக் கிட்டத்தட்ட 30 கன மீட்டர். மழை அப்படிச் சீராகப் பெய்வதில்லை. முக்கால் பங்கு ஆறேழு மணி நேரத்தில் கொட்டினால், ஏற்கெனவே ஊறிய நிலம் பாதிகூட உறிஞ்சாவிட்டால், உச்சம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஏரி காலியாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். ஆனால் கார்த்திகைக் கடைசியில் காலி ஏரி ஏது? ரைவ்ஸ் தன் காலத்துக்கு நேர்மையாகக் கணக்குப் போட்டவர். 140 ஆண்டு கழித்தும் அவரையே நம்பிக்கொண்டிருப்பது நம் சோம்பல். தூர்வாரலுக்கும் கரை உயர்த்தவும் ஒதுக்குகிற பணத்தில் கலங்கலை அகலப்படுத்த ஒதுக்குவது எவ்வளவு என்று எந்த ஊராட்சியிலும் கேட்கலாம். கரையை உயர்த்திவிட்டுக் கலங்கலை அப்படியே விட்டால் ஏரியின் ஆபத்து கூடுகிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை.

ஷட்டரையும் சொல்லிவிட வேண்டும். தளவானூர் இடிந்த அதே 2021 நவம்பரில் ஆந்திரத்தின் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துப்போய் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து கதவுகளில் ஒன்று வேலை செய்யும் நிலையில் இல்லை. நம் ஏரி மதகுகளில் துருவேறி இறுகிப்போன திருகு எத்தனை என்று எண்ணப் போனால் பொழுது சாய்ந்துவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி நிற்கிறது. கொட்டுகிற மழையில் இரவு இரண்டு மணிக்குக் கரையில் நடப்பது யார்?

மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் மதுராந்தகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1790களின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி உடையப்போகிறது என்று பயந்து ஓர் இரவு கரைக்குப் போனபோது, வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டாராம். ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது அதனால். பக்திக்காக இந்தக் கதையைச் சொல்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அதிலிருக்கிற உலக அறிவைப் பாருங்கள்: பேய்மழை இரவில் கரைமேல் ஆள் நிற்க வேண்டும் என்பதில் ஊருக்கும் கலெக்டருக்கும் சந்தேகமே இல்லை. மனிதர் யாரும் நிற்காததால்தான் ராமர் வர வேண்டியிருந்தது.

மேடையில் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் ஏரி வாரியத்தையும் சொல்லாத அரசியல்வாதி நம்மிடம் இல்லை. அதை விட்டுவிட்டு அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். குடிமராமத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது என்று சொல்லப்படும் 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், முதலில் பேசுவது தூர்வாரலை இல்லை. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரில் உடல்வலு உள்ளவர்களைக் கட்டாயமாக அழைக்கும் அதிகாரத்தைத்தான். 2016-17இல் குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்தபோது மண் வெட்டும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம், காவல் பாதியை விட்டுவிட்டோம்.

அந்தப் பழைய காவலை இனிப்பாகவும் பார்க்க வேண்டாம். இரவில் கரையில் நின்றவர், மதகில் மூழ்கி அடைப்பைத் திறந்தவர், பெரும்பாலும் ஊரின் கடைசித் தெருவைச் சேர்ந்தவர். அறுவடையில் சில மரக்கால் நெல் அவர் கூலி, ஏரியில் அவருக்குப் பங்கில்லை. அந்த ஏற்பாடு போனதில் எனக்கு வருத்தமில்லை. 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எடுத்தபோது கிராம நிர்வாக அலுவலர் என்று மாற்று வந்தது. கரையில் நடந்தவரின் வேலைக்குச் சம்பளத்தோடு ஒரு மாற்று வரவே இல்லை. துறையில் மதகையும் கரையையும் கவனிக்கும் லஸ்கர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை ஏரி, எத்தனை இடம் காலி என்பது அவர்களிடம் பேசினால் தெரியும். உதவிப் பொறியாளர் கையில் ஒரு வட்டாரமே இருக்கும். புயல் இரவில் அவர் எந்தக் கரையில் நிற்பார்?

நூறுநாள் வேலை என்று ஊர் பழகிய திட்டத்தில் கரையைப் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகச் சேர்க்கலாமே என்று கேட்டால், அளக்க முடியாது என்பார்கள். வெட்டிய குழிக்கு நீளம் அகலம் ஆழம் உண்டு. நடந்ததற்குக் கன அளவு இல்லை. சரி, தனியாகவே ஒதுக்கலாம். என் கணக்கு இது: ஓர் ஏரிக்கு இருவர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொண்ணூறு நாள், நாளுக்கு 500 ரூபாய். ஏரிக்கு 90,000 ரூபாய். துறையின் 14,138 ஏரிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 127 கோடி. தளவானூரில் கரைந்த 25 கோடியையும் எல்லீஸ் சத்திரத்தில் மறுபடி கொட்டிய 86 கோடியையும் கூட்டினால் 111 கோடி. ஓர் ஆற்றின் இரண்டு அணைகளுக்கு ஆன செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், தமிழ்நாட்டின் துறை ஏரிகள் அத்தனைக்கும் ஒரு பருவம் முழுக்கக் காவல் போடலாம். ஒன்றிய ஏரிகளும் குயிலாப்பாளையத்து ஓடைகளின் தடுப்பணைகளும் இதற்கு வெளியே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு ஏரிக்கு ஒருவர் வேண்டாம், ஓடைத் தொடருக்கு ஒருவர் போதும்.

அந்த ஆளுக்கு டார்ச்சும் மண்வெட்டியும் கைபேசியும் மட்டும் கொடுத்து நிறுத்தினால் அந்தப் பழைய காவலைப் புதிய பெயரில் கொண்டுவந்ததாக ஆகிவிடும். கசிவு கலங்கி வருகிறது என்று அவர் சொன்னால், மதகைத் திறக்கவும் கீழே இருப்பவர்களை எழுப்பவும் அவர் வாக்கே போதுமானதாக இருக்க வேண்டும். மேலதிகாரி வந்து பார்த்து உறுதிசெய்கிற வரை ஏரி காத்திருக்காது. தவறாகச் சொல்லிவிட்டால் தண்டனை கிடையாது என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பத்துத் தடவை வீணாக எழுந்து ஓடுகிற ஊர் பதினோராவது தடவை பிழைக்கும். இந்த இடத்தில் ஆயக்கட்டுதாரர்கள் சண்டைக்கு வருவார்கள். தேக்கிய நீரைத் திறந்துவிட்டால் தை மாதத்தில் நடவு என்னாவது என்பார்கள். நியாயமான கேள்விதான், நெல் போட்டவருக்குத் தண்ணீர் என்பது பணம். அதனால்தான் முடிவை அவர்களிடம் மட்டும் விடக்கூடாது.

இப்போது விட்டிருக்கிறோம். 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்கு என்பது ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். ஏரியால் லாபம் அடைகிறவர் உறுப்பினர். ஏரி உடைந்தால் அடித்துப்போகப்படுகிறவர் உறுப்பினரல்ல. கழுவெளிக்கு மேலே இருக்கும் ஏரிகளில் எது உடைந்தாலும், எவ்வளவு நீர் திடீரென்று வந்தாலும், கடைசியில் அதை வாங்கிக்கொள்வது மரக்காணத்து உப்பளம். ஃபெஞ்சலில் பாத்திகள் எல்லாம் மூழ்கின. பாத்தி மூழ்கினால் திரும்ப மிதித்துக் கெட்டிப்படுத்தி உப்பு எடுக்க மாதங்கள் ஆகும், அதுவரை தொழிலாளிக்கு வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாக அரசு இப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருவது நல்லதுதான். எந்த ஏரி எப்போது கோடி போகிறது என்று முந்தின நாளே ஒரு சொல் வந்தால், குவித்த உப்பையும் மோட்டாரையும் அவர்கள் மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள்.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1999 முதல் புதுச்சேரியில் ஐரோப்பிய நிதியோடு 84 ஏரிகளைச் சீரமைத்தபோது, நிலமில்லாதவர்களையும் பெண்களையும் ஏரிச் சங்கங்களில் சேர்த்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதைச் செய்வதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்கு நாளாகும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களில் இருவரையும், கடற்கரைச் சாலையோர மீனவர் குடியிருப்புகளிலிருந்து இருவரையும் அழைப்பதற்குத் திருத்தம் ஏதும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.